தலைவலிக்கு மாத்திரை கொடுக்குமுன் நான்கு கேள்விகள்

மலையகத்தின் சுகாதாரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் தலைவலி என்று போய் நிற்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டு பெனடோல். மறுபடி போனால் இன்னும் இரண்டு. பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து பறிக்கும் என் சித்தியின் மகளுக்கும் நெடுநாள் அதுவே கிடைத்தது. போன மாதம் கண்டியில் எடுத்த ஸ்கேனில், அவளுடைய கபச் சுரப்பியில் கட்டி இருப்பது தெரிந்தது.

மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி அது. மாதவிடாய், பால் சுரப்பு, தைரொயிட், உடல் வளர்ச்சி எல்லாவற்றுக்கும் கட்டளை அங்கிருந்துதான் போகிறது. அவளுடைய கட்டி புரோலக்டின் என்ற ஓமோனை அளவுக்கு மீறிச் சுரந்தது. அதனால் மாதவிடாய் நின்றது. பிள்ளை பெறாதவளுக்கு மார்பில் பால் கசிந்தது. இதை அவள் யாரிடம் சொல்வாள்? வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று ஏற்கெனவே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு. மாமியார் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்.

ஒருநாள் துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு சிற்றூழியரைக் கூப்பிட்டார்கள். அவர் அதே தோட்டத்து ஆண், அவளுடைய கணவனின் கூட்டாளி. பின்னால் வரிசை முழுக்கத் தெரிந்த முகங்கள். "என்ன வருத்தம்?" என்று அவர் உரக்கக் கேட்டார். "தலைவலி" என்றாள். அதற்கு மேல் எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? அன்றைய சம்பளமும் போய், பெனடோலோடு திரும்பி வந்தாள். பிறகு பக்கப் பார்வை மங்கியது. அடுத்த நிரையில் நிற்பவள்மேல் மோதினாள், கொழுந்து குறைந்தது, அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் விழுந்தது. சோம்பேறி என்று கங்காணியிடம் ஏச்சும் வாங்கினாள்.

ஆகவே கேட்கிறேன். தலைவலி விடாமல் தொடர்பவரிடம் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: மாதவிடாய் நின்றோ ஒழுங்கு தவறியோ இருக்கிறதா, காரணமில்லாமல் பால் கசிகிறதா, பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தப்புகிறதா, கையும் காலும் பெருத்துச் செருப்பும் மோதிரமும் இறுகிவிட்டனவா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் இரத்தப் பரிசோதனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெண்களிடம் ஒரு பெண், மறைவாக, தமிழில் கேட்கட்டும்.

தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை கட்டியால் வருபவை அல்ல என்பது எனக்கும் தெரியும். எல்லோருக்கும் ஸ்கேன் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தாங்க முடியாத தலைவலி திடீரென்று வந்து, வாந்தியும் இரட்டைப் பார்வையும் சேர்ந்தால், சுரப்பிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நோயாளி உடனே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கொழுந்து லொறி வரும்வரை அவரால் காத்திருக்க முடியாது.

லொறி என்றதும் இதையும் சொல்லத் தோன்றுகிறது. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனதிலிருந்து, மருந்தகம் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் கம்பனி அரசாங்கத்தைக் காட்டுகிறது, அரசாங்கம் கம்பனியைக் காட்டுகிறது. எங்கள் வாக்கு யாருக்கு என்பதில் மட்டும் இந்தக் குழப்பம் ஒருபோதும் வந்ததில்லை. 1987 இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அது ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, உள்ளே வர இன்னும் அனுமதி கிடைக்கவில்லை போலும்.

மன்னியுங்கள், கேட்க வந்ததற்கே திரும்புகிறேன். புரோலக்டின் சுரக்கும் இந்த வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். அவள் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை விழுங்குகிறாள், தலைவலி தணிந்திருக்கிறது. இழந்த பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை. முதல் தடவையே கேட்டிருந்தால் அந்தப் பார்வை தப்பியிருக்கலாம்.

அந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு தோட்ட மருந்தகத்துக்கும் அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதில் எழுதுவதாயின் தயவுசெய்து தமிழில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் அக்கா