64 பிள்ளைகளின் கைச்சுவடுக்கு மாவும் உப்பும் வார்னிஷும் தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு ஞாயிறு பள்ளி கைவேலைக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான அட்வென்டின் முதல் ஞாயிறுக்கு இன்னும் 16 நாட்கள்தான் இருக்கின்றன. அன்றைக்கு 6 வயதுக்குட்பட்ட 64 பிள்ளைகள் உப்பு மாவில் கை பதிக்க வருகிறார்கள். இப்போது கையில் இருக்கும் மாவு 24 பிள்ளைகளுக்குத்தான் போதும். மீதி 40 பிள்ளைகளை என்ன சொல்லி உட்கார வைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறோம்.

கணக்கைத் திறந்தே சொல்லிவிடுகிறோம். 2 பங்கு மைதா, 1 பங்கு உப்பு, 1 பங்கு தண்ணீர். அளவுக் கப்பில் 2 கப் மைதா போட்டுப் பிசைந்தால் கை பதிக்கிற மாவு வட்டம் 8 வரும். ஒரு பிள்ளைக்கு இரண்டு வட்டம், ஒன்று உடைந்தால் ஒன்று மிஞ்சட்டும் என்பதற்காக. ஆக 128 வட்டத்துக்கு மைதா 4 கிலோ வேண்டும், இருப்பது ஒன்றரை. உப்பு 5 கிலோ வேண்டும், இருப்பது 2. சிவப்பு ரிப்பன் 32 மீட்டர் வேண்டும், ஒரு மீட்டர்கூட இல்லை. அட்டைப் பெட்டி 64 வேண்டும், 10 இருக்கிறது. தண்ணீரில் கரையும் வார்னிஷ் 1 லிட்டர் வேண்டும், போன வருஷ டப்பாவின் அடியில் 200 மில்லி கிடக்கிறது. அப்புறம் ஓவன். 100 டிகிரியில் 3 மணி நேரம் மெதுவாகக் காய வேண்டும், அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மாவு உப்பி வெடித்துவிடும். ஒரே ஓவனில் 128 வட்டத்தையும் போட்டு எடுக்க 24 மணி நேரம் ஆகும். நான்கு வீட்டில் ஓவன் கொடுத்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். ஒரு வீடு ஒப்புக்கொண்டிருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும்.

இந்தப் பட்டியலில் வார்னிஷைத்தான் எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்களும் அப்படித்தான் செய்தோம். பற்றாக்குறை என்று முன்பக்கம் மட்டும் ஒரு பூச்சோடு விட்டோம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்பது தெரிந்தும் விட்டோம். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பெட்டியைத் திறந்தவர்களில் 11 குடும்பத்துக்கு நமுத்துப்போன துண்டுகள்தான் கிடைத்தன. ஒரு தாய் அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். "இதை ஒட்டித் தர முடியுமா?" என்று கேட்டார். சுண்டுவிரல் தனியாக, உள்ளங்கை இரண்டாக, பின்பக்கம் எழுதிய வருஷம் பாதியோடு நின்றது. ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. புதிதாக ஒன்று செய்து கொடுக்கலாம், ஆனால் ஒன்றரை வயதுக் கையை எங்கே போய்க் கொண்டுவருவது? அன்றிலிருந்து முன்னும் பின்னும் விளிம்பும் இரண்டு பூச்சு இல்லாமல் எதுவும் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறோம்.

இந்தக் கைவேலை நேற்று ஆரம்பித்ததல்ல. 31 வருஷத்துக்கு முன்னால் மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய் விரித்து, நம் மூத்த அம்மாக்கள் இரண்டு பேர் 9 பிள்ளைகளை வைத்துத் தொடங்கியது. அன்று ஓவன் கிடையாது. நாலைந்து நாள் காற்றில் வைத்து, காலையும் மாலையும் திருப்பிப் போட்டே காயவைத்தார்கள். சிவப்பு ரிப்பன்தான் வேண்டும் என்று அவர்கள் இன்றைக்கும் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. 1747இல் ஜெர்மனியின் மரியன்போர்னில் மொரேவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பேராயர் ஒருவர், பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு நாடா சுற்றிய மெழுகுவர்த்தி கொடுத்து அனுப்பினார். பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடாது என்ற அந்த வழியில்தான் நாமும் நடக்கிறோம். அந்த 9 பேரில் ஒருவர் போன வருஷம் தன் மகளைக் கூட்டிவந்தார். தன் பழைய வட்டத்தை மகளின் உள்ளங்கை மேல் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு. பேசாமல் வெகு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

கடந்த ஆண்டுகளில் தாங்கியவர்களை நன்றியோடு நினைக்கிறோம். 12 வருஷமாக, கேட்காமலேயே மைதா மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போகும் சகோதரருக்கு நன்றி. அவர் இப்போது சுகவீனமாக இருக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் பின்னாலும் பெயரும் வருஷமும் வயதும் அழகான எழுத்தில் எழுதித் தந்த ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. இரவு 11 மணி வரை வார்னிஷ் பூசிய வாலிபர்களுக்கு, பெயிண்ட் வடிந்த கைகளைச் சளைக்காமல் கழுவிவிட்ட பாட்டிமாருக்கு, தன் மாதச் செலவில் மிச்சம் பிடித்து ஒரு கிலோ உப்பு கொண்டுவந்த விதவைத் தாய்க்கு, ஆண்டவர் பலமடங்காய்த் திருப்பித் தருவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருஷம் 58 குடும்பங்கள் நினைவுப்பொருள் வாங்கிப்போனீர்கள். ஒரு பிடி உப்பாவது கொண்டுவந்த குடும்பங்கள் 14. யாரையும் குத்திக்காட்ட அல்ல, உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் கை தொங்குகிறது என்று ஞாபகப்படுத்தவே சொல்கிறோம். பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவரின் பிறந்தநாளுக்கு, வந்த பிள்ளையை மாவு இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

முதல் ஞாயிறு கை பதிப்பு, இரண்டாம் ஞாயிறு வண்ணம், மூன்றாம் வாரம் வார்னிஷ், நான்காம் ஞாயிறு பெட்டியில் வைத்துக் கையளிப்பு. ஒரு வாரம் தள்ளினாலும் எதுவும் முடியாது. அதனால் பொருட்கள் முதல் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் வந்துவிட வேண்டும். பணமாகத் தர விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மைதாவில் பேக்கிங் பவுடர் கலந்தது வேண்டாம், உப்பிப்போய்க் கைச்சுவடு கலைந்துவிடும். பெயிண்ட் தருகிறவர்கள் பிள்ளைகளுக்கான, தண்ணீரில் கழுவினால் போகும் வகையாகப் பார்த்துத் தாருங்கள். மினுமினுப்புத் தூளும் மணிகளும் வேண்டாம், 3 வயதுக்குள் இருப்பவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுவார்கள். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இந்த வட்டத்தை அதற்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், அவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. முதல் 5, 6 மாதம் உள்ளங்கையில் எது பட்டாலும் குழந்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மாவும் கையோடு வந்துவிடும். பால் கொடுத்துத் தூங்கவைத்தே தூக்கிவாருங்கள். புறங்கையை மெதுவாக வருடினால் விரல்கள் தானாகத் திறக்கும். உங்களுக்காக ஓரத்தில் சத்தமில்லாத இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

கைவேலைக் குழுவினர்