பாம்பு பழிவாங்குமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பாம்பு பற்றிப் பேச்செடுத்தாலே, "அடித்தவரை நினைவில் வைத்துப் பழிவாங்குமா டீச்சர்?" என்பதுதான் முதல் கேள்வி. நிச்சயமாக வாங்காது. பாலும் அதன் உணவல்ல.

பாம்பு உரித்த சட்டை ஒன்றை வகுப்பில் வைத்திருக்கிறேன். கண் இருந்த இடத்தில் கண்ணாடி போல வட்டச் செதில் தெரியும். பாம்புக்கு இமை கிடையாது. அந்தச் செதில்தான் கண்ணுக்குக் காவல். சட்டை உரிக்கச் சில நாள் முன்பு அது வெளிறிய நீலமாக மங்கிவிடும். பார்வை சரியாகத் தெரியாமல் ஒதுங்கிக் கிடக்கும். அப்போது சீண்டினால் சீறத்தான் செய்யும். அதைப் போய் வன்மம் என்கிறார்கள், பாவம். நாக்கை நீட்டுவதும் மிரட்டுவதற்கல்ல, மணம் அறிவதற்கு.

பாம்பு பிடிபட்ட செய்திகளில் 'கொடிய' என்று போடுவதை விட்டுவிட்டு, என்ன வகை, நஞ்சு உண்டா இல்லையா என்று எழுதுங்கள்.

– ஓர் உயிரியல் ஆசிரியை