இரட்டை எஞ்சின் படகுக்கு ஒன்று வலச்சுழல், ஒன்று இடச்சுழல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் மீட்புப் பணிக்கோ சுற்றுலாவுக்கோ பின்பக்கம் வெளியே எஞ்சின் மாட்டும் இரட்டை எஞ்சின் படகு வாங்குகிறவர்கள், 'அவுட்போர்டு எஞ்சின் இரண்டு, இத்தனை குதிரைத்திறன்' என்று எழுதுவதோடு நிறுத்திவிடக் கூடாது. படகைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லர் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதையும் ஆர்டரிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் பெரும்பாலும் இரண்டும் வலச்சுழலாகவே வந்து இறங்கும்.

படகின் பின்னால் நின்று பார்க்கும்போது, முன்கியரில் கடிகார முள் போலச் சுற்றுவது வலச்சுழல். இரண்டும் அப்படியே சுற்றினால் ஸ்டீயரிங் ஒரே பக்கம் இழுக்கும். வேகம் கூடக் கூட ஓட்டுபவரின் தோள்பட்டை அதைத் தாங்க வேண்டும். வலப்பக்கம் வலச்சுழல், இடப்பக்கம் இடச்சுழல் என்று பூட்டி, இரண்டு எஞ்சினையும் இணைப்புக் கம்பியால் சேர்த்துவிட்டால் ஒன்றின் இழுப்பை மற்றது அடித்துவிடும். கடுவையாற்று முகத்துவாரத்திலும் அலையாத்திக் காட்டு வாய்க்கால்களிலும் இதன் அருமை தெரியும். இடப்பக்கம் திரும்ப வலது எஞ்சினை முன்கியரிலும் இடது எஞ்சினைப் பின்கியரிலும் போட்டால், இரண்டு புரொப்பல்லரும் படகின் பின்பகுதியை வலப்பக்கமே தள்ளும். நின்ற இடத்திலேயே படகு சுழலும். பக்கம் மாற்றிப் பூட்டினால் அதே சுழற்சி திருப்பத்துக்கு எதிராக வேலை செய்யும்.

இடச்சுழல் என்றால் புரொப்பல்லரை மட்டும் மாற்றுவது அல்ல. கியர்பாக்ஸும் இடச்சுழலுக்கு உரியதாக இருக்க வேண்டும். சாதாரண எஞ்சினில் இடச்சுழல் புரொப்பல்லரைப் பூட்டினால் முன்கியரில் படகு பின்னால் போகும். 'அதனாலென்ன, லீவரை மாற்றிப் பூட்டிப் பின்கியரிலேயே ஓட்டலாம்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். முழு உந்துவிசையையும் தாங்கும் பேரிங் முன்னோட்டத்துக்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. பின்கியர் கொஞ்ச நேர வேலைக்குத்தான். தொடர்ந்து ஓட்டினால் பேரிங்கும் கியரும் தேய்ந்து கியர்பாக்ஸே போய்விடும்.

கையிலிருக்கும் புரொப்பல்லர் எது என்று அறிய, ஷாஃப்ட் துளை மேல்நோக்கி இருக்கும்படி தரையில் வையுங்கள். உங்களுக்கு நேரே இருக்கும் இதழின் வலது ஓரம் உயர்ந்திருந்தால் வலச்சுழல், இடது ஓரம் உயர்ந்திருந்தால் இடச்சுழல். கவிழ்த்து வைத்தாலும் இது மாறாது. சாதாரண போல்ட்டின் மரையும் இப்படித்தான் வலப்பக்கம் ஏறும்.

சிக்கிய நைலான் நூலை எடுக்கவோ கிரீஸ் வைக்கவோ இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றும்போதுதான் பெரும்பாலும் இடம் மாறிப்போகிறது. படகின் விளக்குகளைப் போலவே இடதுக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சை என்று புரொப்பல்லரின் நடுக்குடத்திலும் கியர்பாக்ஸிலும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பூட்டிய பிறகு, கயிறு கட்டியபடியே மெதுவேகத்தில் ஒவ்வொரு எஞ்சினாக முன்கியரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பின்னால்தான் தள்ள வேண்டும்.

9.9 குதிரைத்திறன் போன்ற சிறிய எஞ்சின்களுக்கு இடச்சுழல் கியர்பாக்ஸ் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஃபைபர் படகுக்காரர்கள் அதற்காக அலைய வேண்டாம், அந்தச் சக்தியில் இழுப்பும் குறைவு. டிரிம் டேப் என்ற சிறு தகடு உள்ள எஞ்சினில், படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையைக் கொஞ்சம் வலப்பக்கமே திருப்பி போல்ட்டை முறுக்குங்கள். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம். 150 குதிரைத்திறனில் இரண்டு என்று போகும்போது சமாளிப்பு உதவாது. அங்கே ஒரு எஞ்சினை இடச்சுழலாகவே கேட்டு வாங்க வேண்டும்.

இதில் ஒரு சிரமமும் உண்டு. ஸ்பேர் புரொப்பல்லர் ஒன்று போதாது, சுழலுக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். இடச்சுழல் புரொப்பல்லர் அவசரத்துக்கு உள்ளூர்க் கடையில் கிடைப்பது அரிது. முத்துப்பேட்டைச் சேற்றில் சிப்பி தட்டி இதழ் வளைந்த பிறகு தேடினால், மழைக்காலத்தில் படகு கரையில்தான் நிற்கும். எனவே டெண்டரிலேயே இரண்டு ஸ்பேரையும் சேர்த்து எழுதுமாறு சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அவுட்போர்டு எஞ்சின் மெக்கானிக்குகள்,
நாகப்பட்டினம்.