மூலநிரலோடு ஒரு நிறுவியும் சேர்த்து அனுப்புங்கள்

தமிழுக்குக் கட்டற்ற மென்பொருள் எழுதித் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னக் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். கூடவே ஜெராக்ஸும் உண்டு. வாடகை அதில்தான் ஓடுகிறது. உங்கள் எழுத்துரு மாற்றி, சொற்பிழை திருத்தி, ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி எல்லாம் இங்கே நிஜமாகவே புழக்கத்தில் இருக்கின்றன. தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில் அடித்த கோயில் மலரை யூனிகோடுக்கு மாற்றக் கொண்டுவருகிறார்கள். படுகப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வருவார். அவருடைய கோப்பு ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவில் இருக்கும். பழைய வினாத்தாள்களை ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டு டீச்சர்கள் வருகிறார்கள். உங்கள் உழைப்பு வீண்போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அது எங்களிடம் வந்து சேரும் வழி சரியில்லை. புதிய பதிப்பு வந்துவிட்டது என்று அறிவிக்கிறீர்கள். போய்ப் பார்த்தால் மூலநிரல் மட்டும் இருக்கிறது, சொடுக்கினால் மென்பொருளைக் கணினியில் ஏற்றிவிடும் நிறுவி இல்லை. 'குளோன் செய்துகொள்ளுங்கள் (நிரலைப் பிரதி எடுங்கள்), பிப் இன்ஸ்டால் கொடுங்கள்' என்று இரண்டு வரி இருக்கிறது. பிப் என்பது பைத்தான் பொதிகளை இறக்கி நிறுவும் கருவி. கூடை நிறையக் கொழுந்தைக் கொடுத்து டீ போட்டுக் குடி என்பது மாதிரி. உரிமம் என்று பார்த்தால் உங்கள் மேல் தப்பே இல்லை. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் கேட்பதெல்லாம், பைனரி (நேரடியாக ஓடும் கோப்பு) கொடுத்தால் மூலநிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதுதான். மூலநிரல் கொடுத்தால் பைனரியும் கொடு என்று எந்த உரிமமும் சொல்வதில்லை. அதனால் இதை உரிமையாகக் கேட்கவில்லை. வேலை முடிந்த இரவில் சம்பளமில்லாமல் எழுதுகிறீர்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

டெசராக்டையே பாருங்கள். எண்பதுகளில் எச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-இல் மூலநிரல் திறக்கப்பட்ட எழுத்துணரி. உபுண்டு லினக்ஸில் ஒரே கட்டளையில் தமிழ்த் தரவோடு இறங்கிவிடும், ஏனென்றால் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸ்காரர்கள் அதைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் எல்லோரும் போடுவது எந்த நிறுவி? ஜெர்மனியில் மான்ஹைம் பல்கலைக்கழக நூலகம் கட்டித் தருவது, அதாவது மூலநிரலை ஓடும் கோப்பாக்கித் தருவது. தங்கள் பழைய செய்தித்தாள்களை எழுத்தாக்க வேண்டியிருந்ததால் கட்டினார்கள், ஊருக்கும் கொடுத்தார்கள். எழுத்துணரியை எழுதியவர்களுக்கு இருக்கும் அதே நன்றி, எங்கள் டீச்சர்கள் சார்பில், அந்த நூலகத்துக்கும் உண்டு.

சரி, நிறுவி இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். பைத்தானில் எழுதிய எழுத்துரு மாற்றி ஒன்று. லினக்ஸில் அருமையாக ஓடியது. அதையே விண்டோஸில் போட்டேன். கோப்பை வாசித்தது, மாற்றியது, எழுதப் போகும் இடத்தில் 'யூனிகோட் என்கோட் எரர், சார்மேப் கோடெக்' என்று கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. கோப்பைத் திறக்கும்போது எந்தக் குறியாக்கம் (எழுத்தை எண்ணாக்கும் முறை) என்று நாம் சொல்லாவிட்டால், லினக்ஸில் பைத்தான் யூனிகோடின் யூடிஎஃப்-8 எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அந்தக் கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். எங்கள் பெட்டிகளில் அது 1252 என்ற மேலைநாட்டு எழுத்துக் குறியாக்கம், அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. தமிழை மாற்றவென்றே எழுதிய கருவி முதல் தமிழ் எழுத்திலேயே விழுகிறது! திருத்தம் ஒரே சொல், கோப்பைத் திறக்கும் வரியில் குறியாக்கத்தைக் குறிப்பிட்டால் போதும். எழுதியவருக்குத் திறமை குறைவு என்று நான் சொல்லவில்லை. அவர் விண்டோஸில் ஒருமுறையும் ஓட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸுக்கு மட்டும் பைனரி தருகிறவர்களிடமும் ஒரு சிக்கல் உண்டு. உபுண்டு 22.04-இல் கட்டிய பைனரியை எங்கள் 18.04-இல் சொடுக்கினால் 'ஜிலிப்சி 2.35 இல்லை' என்று கைவிரிக்கும். ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நிரல் தொகுப்பு. இங்கே இருப்பது 2.27. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. பைத்தான் உலகத்தில் மெனிலினக்ஸ்2014 என்ற வகைப் பொதிகளை சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸை அடிப்படையாக வைத்து, ஜிலிப்சி 2.17-க்கு இணங்கக் கட்டுவது இதற்காகத்தான். உங்களிடம் இருப்பதிலேயே பழைய சூழலில் கட்டுங்கள்.

'விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, நீங்கள் இன்னும் 7-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்து, இப்போது அவள் பிள்ளையிடம் இருக்கிறது. அதில் இருப்பது விண்டோஸ் 7, பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. புதிய பதிப்பை அதற்கு இறக்கச் சொல்லவில்லை. 7-இல் கடைசியாக ஓடிய பதிப்பு இதுதான் என்று எழுதி, அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

அப்புறம் இணையம். ஐப்பசி, கார்த்திகையில் மலைச்சரிவு ரோட்டில் ஒரு மரம் விழுந்தால் கேபிளும் போகும், கரண்டும் போகும். கரண்ட் அன்றைக்கே வந்துவிடும், கேபிள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிப் அந்த நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிரல் நூலகங்களை இறக்கப் போய் பாதியில் நிற்கும். லினக்ஸின் ஃபிளாட்பாக் பொதியும் முதல் தடவை நூற்றுக்கணக்கில் எம்பி கேட்கும். எங்களுக்கு வேண்டியது எல்லாம் உள்ளேயே அடங்கிய ஒற்றைக் கோப்பு: லினக்ஸுக்கு ஒரு ஆப்இமேஜ், விண்டோஸுக்கு ஒரு நிறுவி. பென்டிரைவில் போட்டால் கீழ்க்கோத்தகிரி வரைக்கும் போய்விடும்.

பென்டிரைவில் கைமாறிப் போவதால், கோப்பு உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பமும் வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய, கையொப்பமில்லாத நிறுவியைத் திறந்தால் விண்டோஸ் 10 நீலப் பெட்டி காட்டிப் பயமுறுத்தும். 'பரவாயில்லை, ஓட்டு' என்று அழுத்தச் சொல்லி நானே பிள்ளைகளைப் பழக்குகிறேன். கெட்ட பழக்கம் அது. நாளைக்கு எதைக் கொடுத்தாலும் அழுத்துவார்கள். சைன்பாத் ஃபவுண்டேஷன் கட்டற்ற திட்டங்களுக்கு இலவசமாகக் கையொப்பமிட்டுத் தருகிறது, விண்ணப்பித்துப் பாருங்கள். அதுவரைக்கும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணையாவது இறக்கும் இடத்தில் போடுங்கள், வந்த கோப்பை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

மேக்கில் இதே கையொப்பத்துக்கு வருடம் 99 டாலர் கட்டச் சொல்லும் ஆப்பிள். எங்கள் பக்கம் மேக் அபூர்வம், எங்களுக்காக அதைச் செலவழிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு செயலி தருகிறவர்கள் 64 பிட்டோடு 32 பிட்டுக்கும் கட்டுங்கள். மலிவு போன்கள் பலவற்றில் அதுதான் ஓடும்.

விண்டோஸ் பெட்டி என்னிடம் இல்லையே என்ற பதில் இனி எடுபடாது. திறந்த களஞ்சியமாக இருந்தால், கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் மூன்று இயங்குதளத்திலும் காசில்லாமல் கட்டித் தருகிறது. ஒருமுறை எழுதி வைத்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தானாக நடக்கும். அந்த வேலையைச் செய்ய உங்கள் குழுவில் ஒருவரை வையுங்கள். நிரல் எழுதினவர்களின் பட்டியலிலேயே அவர் பெயரும் வரட்டும், 'உதவியோர்' என்று கடைசியில் தள்ளாதீர்கள்.

சோதிக்கும் வேலையை எங்களிடம் விடுங்கள். விண்டோஸ் 7, 10, உபுண்டு 18.04, இரண்டு ஜிபி ராம் உள்ள மடிக்கணினிகள், பெயர் மறந்துபோன சில போன்கள் இங்கே இருக்கின்றன. வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்பினால் சனிக்கிழமை மாணவர்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்க்கிறோம். எங்கே நின்றது என்று படம் பிடித்து அனுப்புவார்கள். பிழை அறிக்கையை அவர்கள் தமிழில்தான் எழுதுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து உங்கள் பயனர் ஒருவர்