சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியத் தோட்டத் தொழிலாளர் உரிமைக்காக நம் இளைஞர்கள் முகநூலில் சூடாகவே எழுதுகிறார்கள். ஆனால் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுபவரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து, குறைச்சல் இந்த வரியில் என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தவர்கள் நம் இளைஞர் மன்றங்களில் எத்தனை பேர்?

2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருந்த முதலாளிகளுக்கு மட்டும் ஆகஸ்ட் 1 வரை அவகாசம் கிடைத்தது. டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் இதே தொகைதான். பலர் ஏமாறுவது இங்கேதான். டன்னுக்கு 45 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். காய்ப்புக் குறைந்த மாதத்தில் 28 டன் வெட்டினால் 1,260 வரும். "நீ வெட்டினது அவ்வளவுதான்" என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) சொல்லிவிடுவார். மாதம் முழுக்கப் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தவருக்கு மீதி 440 ரிங்கிட்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. மாதச் சம்பளக்காரருக்கு அடிப்படைச் சம்பளமே 1,700 இருக்க வேண்டும். 1,500 போட்டு, 200 அலவன்ஸ் என்று காட்டுவது செல்லாது.

அடுத்தது ஈபிஎஃப் என்ற தொழிலாளர் சேமநிதி. 1,700 ரிங்கிட்டுக்கு உள்நாட்டுத் தொழிலாளியின் பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மொத்தம் 408. சீட்டில் 187 பிடித்திருப்பார்கள், கணக்கில் காசு ஏறியிருக்காது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பதால், அதற்குப் பிறகு ஈபிஎஃப்பின் இணையக் கணக்கான ஐ-அக்கவுனைத் திறந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முன்பணத்தைக் கழிக்கலாம், அதற்கு வட்டி போடக் கூடாது.

தொழிலாளர் இலாகாவில் கொடுக்கும் புகார்கள் படுத்துப்போவதற்குப் பெரும்பாலும் காகிதம் இல்லாததே காரணம். மூன்று மாதச் சீட்டாவது கையில் இருக்கட்டும். குத்தகையாளரிடம் வேலை செய்து சீட்டே கிடைக்காதவர், வந்த நாள், வெட்டிய குலை, ஏற்றிய லோரி எண் என்று அன்றன்றே நோட்டில் குறித்துவைக்கலாம். அந்த இலாகா விசாரணைக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. பாதிக்கப்பட்டவர் தாமே போய்க் கையெழுத்திட்டால் போதும். தயவுசெய்து சீட்டைப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். அடையாள அட்டை எண்ணோடு போட்டால், மறுநாள் பெரட்டில் மாட்டிக்கொள்பவர் அந்தத் தொழிலாளிதான்.

1946-47இல் கெடாவில் உள்ள எங்கள் பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தில் கிளம்பிய தொண்டர் படை என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பின் இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். கூலி எந்த வழியாகப் போகிறதென்று அவர்களுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. இன்று அதைச் சீட்டில்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் 16ஆம் தேதிக்குப் பிறகு வரும் ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். இணையம் உள்ள இரண்டு கைப்பேசி, ஒரு கால்குலேட்டர், மலாயில் புகார் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீடோங், கெடா.