பெரிய அத்தையை இனிக் கேட்காதே

அன்புள்ள தாயிக்கு,

லீவு முடிந்து போனதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. அதற்காக இதை எழுதவில்லை. வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ எழுதுகிற கொலைக்கதையைப் பற்றித் தம்பி சொன்னான். உன் கதாநாயகி வம்சாவளியைத் தோண்டிக் குற்றவாளியைப் பிடிக்கிறாளாமே. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய காகிதங்களைப் புரட்டினாயாம். நம் வகையறாவில் யாருக்கு அந்தப் பொறுமை உண்டு! ஆனால் உசிலம்பட்டியில் பெரிய அத்தையோடு நாள் கணக்கில் பேசியவளுக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு வயதாகிவிட்டது. ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் ஏற்றிச் சொல்லுவாள்.

எச்சிலைக் குப்பியில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பப் போகிறாயாம். வேண்டாம் தாயி. 1970, 80களில் நடந்த கொலைகளுக்காக 2018இல் கலிபோர்னியாவில் ஒரு முன்னாள் போலீஸ்காரனைப் பிடித்தார்களே, அவனா துப்பினான்? தூரத்துச் சொந்தக்காரர்களின் மரபணு ஒரு வம்சாவளித் தளத்தில் கிடந்தது. அதை வைத்து முப்பாட்டன் காலத்துக்கு ஏறி, அங்கிருந்து கிளை கிளையாக இறங்கி, அவன் வாசலுக்கே வந்துவிட்டார்கள். நீ துப்பினால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் சேர்த்துத் துப்பியதாகும்.

வெள்ளைக்காரனின் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் போலீசுக்கு ரேகை கொடுத்த குடும்பம் நம்முடையது, அது போதாதா? கதைக்கு வேண்டுமானால் அதை எழுது. ஊரிலிருந்து தகரப் பெட்டியை எடுத்து வந்திருக்கிறேன். தாத்தாவின் ராதாரிச் சீட்டு அதில் இருக்கிறது. மடிப்பெல்லாம் இற்றுவிட்டது, முத்திரை மட்டும் தெரிகிறது. வெளியூர் போக அந்தச் சீட்டு வேண்டும், ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்ததற்குத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். 1947 வரை அந்தச் சட்டம் இருந்தது. இதைவிடவா உனக்குக் கொலைக்கதை வேண்டும்?

கிணற்றுக்காட்டை விட்டுவிடு. அதற்கு நீ வில்லங்கம் போட்டுப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். வில்லங்கத்தில் கிரயமும் அடமானமும்தான் வரும். உன் சித்தப்பன் ஊரைவிட்டுப் போனான், அவ்வளவுதான். போகிறவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டா போகிறார்கள்?

இங்கே நல்ல மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அத்தையை இனிக் கேட்காதே.

கேட்டவரைக்கும், அந்த ராத்திரி கிணற்றடியில் யார் யார் இருந்ததாகச் சொன்னாள்? அதை மட்டும் எழுது. கடிதத்தை என் பெயருக்கே போடு, அம்மா பிரிக்கும்படி வேண்டாம்.

அப்பா