பூட்டு எடுத்த கத்தி

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுறேன். போன்ல சொன்னா நீ பாதி கேட்டுட்டு "சரி நைனா"ன்னு வெச்சுடுவே. அதனாலதான் பேப்பர். முதல்ல இதைப் படி, அப்புறம் கத்தியைப் பிரி.

நீ கேட்ட மாதிரி, என் பழைய மடக்குக் கத்தியை இங்கிலாந்து சட்டத்துக்கு ஏத்தாப்புல பூட்டை எடுத்து, நீளத்தைக் குறைச்சு முடிச்சுட்டேன். மூணு வாரம் ஆச்சு. அம்மா தினமும் திட்டினா. "பத்து பவுண்டு, இருபது பவுண்டு குடுத்தா அந்த ஊர்லயே ஷோக்கா ஒண்ணு கிடைக்குமே, இதுக்கு ஏன் வராண்டா பூரா இரும்புத்தூள்?"னு. அவ சொல்றதும் நியாயம்தான். சிவப்புக் கலர் சுவிஸ் கத்தி சின்ன சைஸ் ஒண்ணு வாங்கியிருந்தா உன் ஊர் சட்டத்துக்குள்ள அதுபாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். ஆனா நீ நைனாவோட கத்திதான் வேணும்னுட்டே. கேட்கும்போது எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, ஏன் மறைக்கணும்.

நீ அனுப்பின சட்ட விவரத்தை ரெண்டு தடவை படிச்சேன். 1988ல போட்ட சட்டம். பொது இடத்துல கையில வெச்சுக்கணும்னா மடக்குக் கத்தியா இருக்கணும், வெட்டுற விளிம்பு 3 இஞ்சுக்கு மேல போகக்கூடாது, திறந்த பிறகு பூட்டிக்கக் கூடாது. பட்டன் கிட்டன் எதையும் தொடாம, எப்ப அழுத்தினாலும் மடங்கணும்னு அந்த ஊர் கோர்ட்டும் 90கள்லயே சொல்லியாச்சு. மீறினா 4 வருஷம் வரைக்கும் உள்ளே. வீட்டுக்குள்ள வெச்சுக்கறதா இருந்தா பூட்டோடவே இருக்கலாம்னும் எழுதியிருந்தே. ஆனா உனக்குக் கைப்பையில வேணும், கீரைத் தோட்டத்துக்கும் கொண்டு போகணும்.

ஒண்ணு சொல்றேன், அளவு சொன்ன சட்டம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. 3 இஞ்ச்னா 76.2 மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோல்ல வெச்சுப் பார்த்துடலாம். நம்ம ஊர்லயும் அளவு உண்டு. ஆயுதச் சட்டம் 1959ல வந்தது. அதோட விதியில, நீளம் 9 இஞ்சுக்கு மேலயோ அகலம் 2 இஞ்சுக்கு மேலயோ போனாத்தான் கத்தி ஆயுதக் கணக்குல வரும். சமையல், விவசாயம், தொழிலுக்குச் செஞ்சது அதுலயும் வராது. இது எனக்கு 1992ல தெரியாது. அப்ப நீ கைக்குழந்தை. செகண்ட் ஷிப்ட் முடிச்சு ஐ.சி.எப். ரயில்பெட்டி பேக்டரியிலேர்ந்து சைக்கிள்ல வர்றேன், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு மூடியிருக்கு. நின்னவங்களை எல்லாம் ஒரு போலீஸ்காரர் தடவிப் பார்க்கறார். என் பாக்கெட்ல இந்தக் கத்தி. "இன்னாத்துக்குடா கத்தி?" பிட்டர் சார்னு சொன்னேன். "எந்த ஏரியா?"ன்னார். தண்டையார்பேட்டைன்னேன். அவ்வளவுதான், விடியற வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சுல. எந்த ஸ்டேஷன்னு இப்ப எதுக்கு. காலையில போர்மேன் வந்து அடையாள அட்டையைக் காட்டிக் கூட்டிட்டுப் போனார். ராத்திரி முழுக்க ஒருத்தரும் ஒரு ஸ்கேலை எடுக்கலை.

சரி, கத்திக்கு வர்றேன்.

இது 1984ல பர்மா பஜார்ல வாங்கினது. அடிக்கட்டையில ஜப்பான்னு குத்தியிருக்கும், பூதக்கண்ணாடி வெச்சா இன்னும் தெரியும். ஏன் வாங்கினேன்னு உனக்குச் சொன்னதில்லை. அதுக்கு முந்தின வருஷம் காசிமேட்டுல உங்க மாமாவோட போட்டுல நைலான் கயிறு அறுத்துட்டிருந்தேன். கையில இருந்தது பூட்டு இல்லாத மடக்குக் கத்தி. கயிறு தடியா இருந்துச்சு, நுனியைக் குத்தி நெம்பினேன். கத்தி அப்படியே என் ஆள்காட்டி விரல் மேல மூடிக்கிச்சு. ஸ்டான்லியில நாலு தையல். நீ சின்னதுல தடவித் தடவிப் பார்ப்பியே, "நைனா இங்க ஏன் கோடு?"ன்னு, அதான் அது. அதுக்கப்புறம்தான் பூட்டுள்ள கத்தியாத் தேடி, ரெண்டு மாச ஓவர்டைம் காசை அதுல போட்டேன்.

இப்ப அந்தப் பூட்டைத்தான் உன் ஊர் வேணாங்குது. விரலைக் காப்பாத்தினதை என் கையாலயே எடுத்தேன். ரெண்டு நாள் வைஸ்ல மாட்டிட்டுச் சும்மா பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன், தெரியுமா.

பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னா, கைப்பிடியோட முதுகுல ஒரு இரும்புப் பட்டை ஓடுது. நடுவுல ஒரு பின், பின்னாடி ஸ்பிரிங். முன்பக்க நுனியில கொக்கி மாதிரி ஒரு மூக்கு. கத்தியை முழுசாத் திறந்ததும் அந்த மூக்கு, கத்தியோட அடிக்கட்டையில வெட்டியிருக்கற பள்ளத்துல டக்குனு விழும். மூக்கும் நேர்ச்சுவர், பள்ளமும் நேர்ச்சுவர். அதனால எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது, பட்டையைப் பின்னாடி அழுத்தினாத்தான் மூக்கு தூக்கும். நான் செஞ்சது அந்த ரெண்டு சுவரையும் சாய்ச்சதுதான். சாய்வு இருந்தா, அழுத்தும்போது மூக்கு அதுல வழுக்கி மேல ஏறிடும். ஸ்பிரிங் இறுக்கம் மட்டும் மிச்சம் இருக்கும்.

பித்தளை ரிவெட்டைத் தலை சீவி, பஞ்ச் வெச்சுத் தட்டி எடுத்தேன். அரம் போட்டுப் பார்த்தேன், கண்ணாடி மேல ஓடற மாதிரி வழுக்குச்சு. ஜப்பான்காரன் அவ்வளவு ஹார்டாப் போட்டிருக்கான். டைமண்டு அரம் வாங்கி, நாலு இழுப்பு இழுக்கறது, மாட்டிப் பார்க்கறது, மறுபடி கழட்டறது. முதல் நாள் அசையவே இல்லை. ரெண்டாம் நாள் மடங்குச்சு, ஆனா நடுவுல மாட்டி நின்னு நின்னு வந்துச்சு. எண்ணெய்க்கல்லுல பிசிறு எடுத்து, எமரியால பளபளப்பாக்கின பிறகுதான் வழுவழுன்னு வந்துச்சு. பள்ளத்தோட எதிர்ப்பக்கச் சுவரைத் தொடவே இல்லை. அதைக் குறைச்சா கத்தி பின்பக்கமா மல்லாந்துக்கும். புது ரிவெட், வியாசர்பாடியில நம்ம சிநேகிதர் லேத்துல கடைஞ்சது. காசு வாங்க மாட்டேன்னுட்டார், டீ வாங்கிக் குடுத்தேன்.

நீளம் 83 மில்லி இருந்துச்சு. 75ல நிறுத்தலாம்னு கோடு போட்டேன். சாணையில முதுகுப் பக்கத்துலேர்ந்துதான் தேய்க்கணும். வெட்டுற பக்கத்துலேர்ந்து தேய்ச்சா மடக்கும்போது நுனி கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கிட்டு உன் பையைக் கிழிக்கும். தேய்ச்சு தேய்ச்சு தண்ணியில முக்கணும். எல்லாம் தெரிஞ்சவன்தான், நாப்பது வருஷம் இதே வேலை. அம்மா குக்கர் விசிலை எண்ணச் சொன்னா, விசிலை எண்ணிட்டே ஒரு அழுத்து அழுத்திட்டேன். நுனி வைக்கோல் நிறமாச்சு, பார்த்துட்டிருக்கும்போதே நீலம். நீலம் ஏறினா டெம்பர் போச்சு, அந்த இடம் முனை நிக்காது. வேற வழியில்லை, நீலம் முழுக்கத் தேய்ச்சு எடுத்தேன், ஒவ்வொரு தொடலுக்கும் தண்ணி. இப்ப 72 மில்லி. யாராவது கேட்டா வேணும்னே குறைச்சலா வெச்சேன்னு சொல்லிக்க. அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்.

இப்ப நீ கவனமாப் படிக்க வேண்டிய இடம். நீ சின்ன வயசுலேர்ந்து பார்த்தது பூட்டுள்ள கத்தி. நான் நுங்கு நோண்டினதையும் தேங்காய் ஓட்டுல பருப்பு நெம்பினதையும் பார்த்திருக்கே. அது எதையும் இனி இதுல செய்யாதே. நுனியால குத்தாதே, நெம்பாதே, முதுகை மேஜையில ஊணி அழுத்தாதே. இழுத்து அறுக்கற வேலை மட்டும். கீரைத்தண்டு, சணல், அட்டைப்பெட்டி டேப், ஆப்பிள். மூடும்போது கைப்பிடியை ரெண்டு பக்கவாட்டுலயும் பிடிச்சுட்டு, இன்னொரு கையோட உள்ளங்கையால முதுகைத் தள்ளு. கத்தி போற வழியில விரல் இருக்கக் கூடாது. வந்ததும் ஒரு ஐம்பது தடவை சும்மா திறந்து மூடு. கைக்குப் பழகட்டும்.

ராத்திரி டூட்டி முடிஞ்சு தனியா நடக்கற பொண்ணு, பையில ஒண்ணு இருந்தா தைரியம்னு அம்மா சொன்னா. நான் கத்திட்டேன். நீயும் வாய் தவறிக்கூட அப்படிச் சொல்லிடாதே. அளவு சரியா இருந்தாலும், ஒருத்தரைக் காயப்படுத்த வெச்சிருக்கேன்னு அர்த்தம் வந்தா அந்த ஊர்ல அது ஆயுதம், பாதுகாப்புக்குன்னு சொன்னாலும் மாட்டிக்குவே. கீரை அறுக்க வெச்சிருக்கேன், அவ்வளவுதான் பதில். அதுதானே நிஜமும். ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள கொண்டு போகாதே. பேத்தியை ஸ்கூல்ல விடப் போறப்பவும் வீட்டு டிராயர்லயே கிடக்கட்டும். சட்டத்துக்காக இல்லை, எனக்காக.

மாப்பிள்ளையோட தம்பி வர்ற வியாழக்கிழமை கிளம்புறார். கைப்பையில வெச்சா ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க, அதனால உள்ளே போடற பெட்டியில, உன் பழைய ஸ்கூல் சாக்ஸுல சுத்தி வெச்சிருக்கேன். அவருக்கு விஷயம் தெரியும், தெரியாம ஒண்ணும் அனுப்பலை. கூடவே அம்மாவோட மாவடு பாட்டில் இருக்கு, ஆயா சொல்லிக் குடுத்த பக்குவமாம். மூடியை மூணு கவர் போட்டுக் கட்டியிருக்கா, இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. உப்புத்தண்ணி ஒழுகியிருந்தா கத்தியை உடனே தொடைச்சு, மூட்டுல ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடு.

வந்து சேர்ந்ததும் ஸ்கேல் பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ அனுப்பு.

இப்படிக்கு,
உன் நைனா